நம் கையால் ஒரு தோட்டத்துக் கொட்டகை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கொட்டகை கட்டுவதைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கக்கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயினும் பத்துப்பாட்டைப் பாடஞ்சொல்லும் ஆசிரியன் ஆண்டுதோறும் பல வகுப்புகளைக் கூரையையும் குரம்பையையும் பற்றிப் பேசியே கழிக்கிறான் என்பதை மறுத்தல் இயலாது. எயினர் ஈந்தின் இலையால் வேய்ந்த குடிலைப் பெரும்பாணாற்றுப்படை முள்ளம்பன்றியின் முதுகுக்கு ஒப்பிடுகிறது. மனைவகுக்கும் நூல் வல்லார் இரு கோல் நட்டு, அவற்றின் நிழல் கண்டு திசை தேர்ந்து, கயிறிட்டு அளந்த செய்தியை நெடுநல்வாடை நமக்குத் தருகிறது. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனங்களில் காவலுக்கு அமைத்த இதணம் அகப்பாட்டுகளில் பலவிடத்தும் காணக்கிடைக்கிறது. 'வேய்தல்' என்ற ஒரு சொல்லே கூரைக்கும் பூவுக்கும் பொதுவாக வழங்கியதை எண்ணி வியந்து, அதனை மாணவர்க்கு விளக்கி மகிழ்ந்தவர்களே நாம்.

இத்தனையும் உரைத்த நாம், 2016ஆம் ஆண்டு நம் கையால் ஒரு கொட்டகை கட்டினோம். இரண்டே ஆண்டில் அது காற்றோடு போயிற்று. போனதோடு அமையாமல் பிறர்க்குத் தீங்கும் செய்தது. அது ஏன் போயிற்று என்று ஆராய்ந்தபோது அறிந்தவற்றையும், பின்னர் வேறு முறையில் கட்டியபோது கற்றவற்றையும் ஈண்டு எழுதுகிறோம். வீட்டுத் தோட்டமோ தென்னந்தோப்போ உடைய பெரியவர்களுக்கும், விடுமுறையில் கைத்தொழில் ஒன்றைக் கற்க விழையும் மாணவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

போன கொட்டகை

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் உள்ள ஒரு தென்னந்தோப்பில் மண்வெட்டி, கடப்பாரை, மருந்து தெளிப்பான், உரமூட்டை ஆகியவற்றை வைக்க ஓரிடம் தேவைப்பட்டது. ஆள் வைத்துக் கட்டுவானேன், எட்டடிக்கு ஆறடி தானே என்று ஆசிரியர் இருவரும் மாணவர் மூவரும் சேர்ந்து இறங்கினோம். ஆறு சவுக்குக் கால்களை ஒன்றரை அடிக் குழியில் நிறுத்தி மண்ணிட்டுக் கெட்டித்தோம். மேலே உத்திரம், அதன்மேல் கைமரம், அதன்மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் தகரத் தகடு. எல்லாம் ஆணியால் அடிக்கப்பட்டவை. காற்றுக்குத் தகடு தூக்காதிருக்க நான்கு மணல்மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றி வைத்தோம். நான்கு நாளில் வேலை முடிந்தது. அதன்முன் நின்று படமெடுத்துக் கொண்டோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இரண்டு ஐப்பசி மழைகளை அது தாங்கியது. 2018 நவம்பர் 15ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், 16ஆம் நாள் விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவின் தென்பகுதித் தோப்புகளில் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. நம் கொட்டகையின் ஆறு கால்களில் நான்கு, பல்லைப் பிடுங்கியதுபோல் மண்ணிலிருந்து முழுதாக வெளிவந்து கிடந்தன. மூட்டைகள் கொட்டகை இருந்த இடத்திலேயே சிதறியிருந்தன. தகடுகளைக் காணோம். அவற்றுள் ஒன்று பக்கத்துத் தோட்டத்திற்குப் பறந்து, கட்டுத்தறியில் நின்ற சினைப்பசு ஒன்றின் பின்னங்காலை வெட்டியிருந்தது. பசு பிழைத்தது. காலின் நரம்பு அறுபட்டதால் நொண்டியாயிற்று.

அப்பசுவுக்கு உரியவர் எழுபதைக் கடந்த பெரியவர். இழப்புக்கு ஈடு தருவதாக நாம் சொன்னதை அவர் ஏற்கவில்லை. பிடுங்கப்பட்டுக் கிடந்த கால்களையும் சிதறிய மூட்டைகளையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாத்தியாரய்யா, நீங்க கூரைக்குப் பாரம் வச்சீங்க, புடிமானம் வைக்கலையே" என்றார். அவ்வளவே. கொட்டகைக் கலை முழுவதும் அவ்வொரு தொடரில் அடங்கியிருந்தது என்பதை உணர நமக்குச் சில வாரங்கள் ஆயின.

அவருடைய தோட்டத்திலும் ஒரு காவற்குடில் இருந்தது. அதன் கீற்று முழுவதையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆனால் சட்டம் நின்றது. கால்கள் பூவரசங் கவைக்கால்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் குறுக்காக ஒரு கட்டையைப் பிணைத்து, மூன்றடி ஆழத்தில் புதைத்திருந்தார். கவையில் உத்திரத்தைக் கிடத்திக் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார். ஓர் ஆணிகூட இல்லை. மூன்றாம் நாளே அவர் குடிலை மீண்டும் வேய்ந்துவிட்டார். கீற்றுக்கு அப்போது பஞ்சமில்லை. தோப்பே தரையில் கிடந்தது.

காற்று தள்ளுவதில்லை, தூக்குகிறது

கொட்டகை கட்ட முனைவோர் அனைவரும் இரண்டு பகைகளையே மனத்திற் கொள்கின்றனர்: மேலிருந்து வரும் வெயில், மேலிருந்து வரும் மழை. ஆகவே எல்லாவற்றையும் கீழ்நோக்கியே தாங்கக் கட்டுகின்றனர். கால் பருத்திருந்தால் போதும், உத்திரம் வளையாதிருந்தால் போதும் என்பது அவர்தம் எண்ணம். காற்றைப் பற்றி நினைப்பவரும் அது பக்கவாட்டில் தள்ளும் என்றே நினைப்பர். உண்மையில் இலேசான கூரையைக் காற்று மேல்நோக்கித் தூக்குகிறது. கூரையின்மேல் விரைந்து செல்லும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. திறந்த வாயில் வழியே உட்புகும் காற்று கீழிருந்து நெம்புகிறது. உறிஞ்சலும் நெம்பலும் ஒருங்கே நிகழும்போது தகரக் கூரை பட்டம்போல் எழும்புகிறது.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் கடினமன்று. பொறியாளர்கள் கையாளும் எளிய வாய்பாடு ஒன்று உண்டு. காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, பின் 0.6 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் காற்று செலுத்தும் அழுத்தம் நியூட்டன் கணக்கில் கிடைக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 33 மீட்டர். வாய்பாட்டின்படி சதுர மீட்டருக்கு 667 நியூட்டன். அதாவது 68 கிலோ எடைக்கு நிகரான விசை. எட்டடிக்கு ஆறடிக் கொட்டகைக்கு நாற்புறமும் ஓரடி இறவாரம் விட்டால் கூரையின் பரப்பு பத்தடிக்கு எட்டடி, ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். அவ்வழுத்தம் முழுவதும் உறிஞ்சலாக வேலை செய்வதாகக் கொண்டால், கூரையை மேலே இழுக்கும் விசை 500 கிலோ! விளிம்புகளிலும் மூலைகளிலும் உறிஞ்சல் இதனினும் மிகும்.

நம் கூரை தகடும் மரமுமாகச் சேர்ந்து 120 கிலோ இருந்திருக்கும். மூட்டைகள் நான்கும் மற்றொரு 120 கிலோ. ஆக 240. ஐந்நூற்றின்முன் இருநூற்று நாற்பது எம்மாத்திரம்?

இக்கணக்கில் மற்றொரு நுட்பமும் பொதிந்துள்ளது. வேகம் பாதியானால் விசை பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் அதே கூரையை இழுக்கும் விசை 126 கிலோ மட்டுமே. எண்பது கிலோமீட்டர் வரையிலுங்கூட அது 225 கிலோவைத் தாண்டாது. எனவே சாதாரணப் பருவக்காற்றில் நம் கூரை தன் எடையாலும் மூட்டைகளின் பாரத்தாலுமே அமர்ந்திருந்தது. ஆணிக்கோ குழிக்கோ வேலையே இல்லை. இரண்டு ஆண்டுகள் நின்றது நம் வேலைத்திறத்தால் அன்று. "பத்து வருஷமாக நிற்கிறதே, இனி என்ன ஆகிவிடும்?" என்று கூறுவோரை ஊர்தோறும் காண்கிறோம். பத்து ஆண்டுகளாகத் தேர்வே நடக்கவில்லை என்பதே அதன் பொருள்.

இடமும் அளவும்

இனிக் கட்டும் முறைக்கு வருவோம். இடந்தேர்வில் நீண்ட ஆராய்ச்சி வேண்டா. மழைநீர் தேங்காத மேட்டிடமாக இருத்தல் வேண்டும். தென்னையின் நேர்கீழே அமைத்தல் ஆகாது. தேங்காயும் மட்டையும் விழுந்து தகடு நசுங்கும். வாயிலைப் பருவமழைச் சாரல் அடிக்கும் வடகிழக்கு நோக்கி வைக்காதிருப்பது நன்று. ஆனால் திசையை நம்பிப் புயலை ஏமாற்றிவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டா. புயலின் கண் கடந்தபின் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடிக்கும்.

அளவுக்கு எட்டடி, ஆறடி என்பதை நாம் பரிந்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான்கு மூலைக்கும் முளையடித்துக் கயிறு கட்டியபின் மூலைகள் செங்கோணமாக உள்ளனவா என்பதை எங்ஙனம் அறிவது? எட்டும் ஆறும் பக்கங்களானால் மூலைவிட்டம் சரியாகப் பத்தடி. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் பத்தடி காட்டினால் வேறு கருவி வேண்டியதில்லை. கொத்தனார்கள் மூன்று, நான்கு, ஐந்து என்று வழங்கும் கணக்கே இது. முதற் கொட்டகையில் இதனைச் செய்யாது விட்டதால் ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட நான்கு அங்குலம் நீண்டு, தகடு ஒருபுறம் துருத்திக்கொண்டு நின்றது. கால்களின் உயரத்தை ஒப்பிட, நீர் நிரப்பிய ஒளிபுகும் ரப்பர்க் குழாய் ஒன்று போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதனை இரு கால்களிலும் குறித்துக்கொள்ளலாம்.

கால்

கொட்டகையின் உயிர்நிலை இதுவே. ஆகவே சற்று விரிவாக உரைக்கிறோம்.

சவுக்கு நம் கடற்கரை மாவட்டங்களில் எளிதிற் கிடைப்பது, நேரானது, வலியது. ஆனால் மண்ணிற் புதைத்தால் கரையான் விரும்பி உண்ணும் மரமும் அதுவே. மரக்கால் எவ்விடத்தில் முதலில் இற்றுப்போகும் என்று கேட்டால் பலரும் அடிப்பகுதியில் என்பர். அன்று. மண்ணும் காற்றும் சந்திக்கும் தரைமட்டத்திலேதான் முதலில் உளுக்கும். ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் அது. அடியைத் தீயில் வாட்டிக் கருக்குதல், தார் பூசுதல், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பூசுதல் ஆகியவை நாட்டு முறைகள். இவை காலத்தைச் சற்று நீட்டும், முற்றும் காக்கமாட்டா. காலைச் சுற்றிச் சிமெண்டுக் கலவையைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். மரம் காய்ந்து சுருங்கும்போது கலவைக்கும் மரத்துக்கும் இடையே சிறு இடைவெளி தோன்றும். அதில் மழைநீர் இறங்கித் தேங்கும். மரத்தைக் கிண்ணத்தில் நட்டு நீரூற்றி வளர்ப்பதற்கு ஒப்பான செயல் அது.

ஆகவே இரண்டாம் முறை நாம் மரத்தை மண்ணில் புதைக்கவே இல்லை. ஓரடிச் சதுரத்தில் இரண்டடி ஆழமாக ஆறு குழிகள் தோண்டினோம். ஒவ்வொரு குழியிலும் ஒரு பங்கு சிமெண்டு, இரு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற கலவையை இட்டு நிரப்பினோம். கலவை இறுகுமுன், கால் அங்குலக் கனமுள்ள இரும்புப் பட்டைகள் இரண்டை, காலின் பருமன் அளவு இடைவெளி விட்டு, எதிரெதிராக ஓரடி ஆழத்துக்கு இறக்கி நிறுத்தினோம். பட்டைகளின் அடிமுனையை வெளிப்புறமாக மடித்துவிட்டால் அவை உருவிக்கொண்டு வாரா. ஏழு நாள் நீர் தெளித்துப் பதப்படுத்தியபின், அப்பட்டைகளுக்கு நடுவே சவுக்குக் காலை நிறுத்தி, ஊடே துளையிட்டு, இரண்டு போல்ட்டுகளால் முடுக்கினோம். காலின் அடி கலவையைத் தொடாமல் இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கிறது. காற்று கீழே உலவுகிறது, நீர் தேங்குவதில்லை. கரையான் ஏறினால் அதன் மண்வழி இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியும்; விரலாலேயே வழித்துவிடலாம்.

இனி எடையைக் கணக்கிடுவோம். ஒரு கன அடிக் கலவை ஏறத்தாழ 68 கிலோ. ஒரு குழி இரண்டு கன அடி, 136 கிலோ. ஆறு குழிகளுக்கும் சேர்த்து 800 கிலோவுக்கு மேல். கூரையைத் தூக்கும் 500 கிலோவை எதிர்த்து நிற்க இது போதும். சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பு வேறு. இதற்குச் செலவான சிமெண்டு இரண்டு மூட்டைக்குச் சற்று மேல். மணல்மூட்டையைக் கூரைமேல் ஏற்றுவதற்கும் அதே எடையைக் காலடியில் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடே பெரியவர் சொன்ன பாரத்துக்கும் பிடிமானத்துக்கும் உள்ள வேறுபாடு. கூரைமேல் உள்ள மூட்டை காற்றின் முதல் உலுக்கலிலேயே சரிந்து விழும். காலடியில் உள்ள கல் எங்கே போகும்?

சிமெண்டு வேண்டா என்பார்க்குப் பெரியவரின் முறையே போதுமானது: மூன்றடி ஆழம், அடியில் குறுக்குக்கட்டை, அதன்மேல் கல்லும் மண்ணும் இட்டு அடுக்கடுக்காகக் கெட்டித்தல். மழையில் ஊறிய மணற்பாங்கான மண்ணில் வழவழப்பான உருண்டைக் கால் மட்டும் நின்றால் அது உருவிக்கொண்டுதான் வரும்.

இரும்புப் பட்டையில் நிறுத்திய கால், புதைத்த காலைப்போலத் தானே நிமிர்ந்து நில்லாது. கீல்போல் சாயப் பார்க்கும். நான்கு சட்டங்கள் கூடிய சதுரத்தைத் தள்ளினால் சாய்சதுரமாகிறது. மூன்று சட்டங்கள் கூடிய முக்கோணத்தை எப்பக்கம் தள்ளினாலும் உருமாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு மூலையிலும் காலுக்கும் உத்திரத்துக்கும் இடையே இரண்டடி நீளமுள்ள சாய்வுக்கட்டையைப் பொருத்தி முக்கோணமாக்கிவிட வேண்டும். இதனைத் தச்சர் எவரும் மறப்பதில்லை. நம்மைப் போன்றோரே மறப்போம்.

பிணைப்பு

கால் உறுதியாயிற்று. இனி அப்பிடிமானத்தைப் படிப்படியாகக் கூரைத் தகடுவரை கொண்டுசெல்ல வேண்டும். தகடு குறுக்குச் சட்டத்தைப் பிடிக்க, சட்டம் கைமரத்தைப் பிடிக்க, கைமரம் உத்திரத்தைப் பிடிக்க, உத்திரம் காலைப் பிடிக்க, கால் கல்லைப் பிடிக்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் அவ்விடத்தில்தான் அறும்.

மேலிருந்து அடித்த ஆணி மரத்தின் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. கீழே அமுக்குவதைத் தாங்கும். மேலே இழுப்பதைத் தாங்காது. போதாக்குறைக்கு, சவுக்கில் துளையிடாமல் ஆணி அடித்தால் மரம் பிளக்கும். ஆகவே கைமரம் உத்திரத்தில் அமரும் ஒவ்வோரிடத்திலும் துத்தநாகம் பூசிய கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கினோம். மூலைகளில் இரும்புப் பட்டையை மேலே வளைத்து இருபுறமும் போல்ட் போட்டோம். பழைய தச்சரும் குடிசை வேய்வோரும் ஆணியினும் கயிற்றையே நம்பியதன் காரணம் இப்போது விளங்கிற்று.

தகட்டுக்கு ஜே போல்ட் என வழங்கும் கொக்கிப் போல்ட்டே தக்கது. அதன் கொக்கி குறுக்குச் சட்டத்தின் அடியைச் சென்று பற்றிக்கொள்கிறது. துளையைத் தகட்டின் மேட்டிலேயே இட வேண்டும். பள்ளத்தில் இட்டால் நீர் ஓடும் வழியில் துளையிட்டதாக முடியும். ரப்பர் அல்லது தார் வாஷரை இடாது விடலாகாது. அடுத்தடுத்த தகடுகள் பக்கவாட்டில் ஒன்றரை மேடு அளவும், மேல்கீழாக ஆறங்குலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். இறவாரத்தை ஒட்டிய விளிம்புகளில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் போல்ட் வேண்டும். நடுவில் சற்று அகலவிடலாம். நாம் முதலில் இதற்கு மாறாகவே செய்திருந்தோம். நடுவில் நெருக்கமாக அடித்து, கைக்கு எட்டாத ஓரங்களில் இரண்டிரண்டு ஆணியோடு நிறுத்திக்கொண்டோம்.

கூரைக்கு எது தக்கது?

கீற்றின் குளிர்ச்சிக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. மட்டையை இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்து முடைந்த கீற்று இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கும். பனையோலை அதனினும் நெடுநாள் வரும். நீர் விரைந்து வடியக் கூரைக்கு நல்ல சாய்வு வேண்டும். தரைக்கும் கூரைக்கும் இடையே பாதிச் செங்கோணம் இருப்பது நலம். புயலில் கீற்று பறந்தாலும் எவரையும் வெட்டுவதில்லை என்ற சிறப்பை நாம் பட்டறிந்துள்ளோம். அவ்வாறாயின் நாம் ஏன் கீற்றுக்குத் திரும்பவில்லை? நெருப்பே காரணம். 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்ததைத் தஞ்சை மண்ணில் வாழ்வோர் மறத்தல் அரிது. மின்மோட்டாரின் சுவிட்சுப் பெட்டியும் டீசல் கேனும் இருக்கும் கொட்டகைக்குக் கீற்று ஏற்றதன்று. மண்வெட்டியும் கூடையும் மட்டும் வைக்கும் குடிலுக்குத் தாராளமாக வேயலாம்.

கல்நார்த் தகடு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ், விலை மலிவானதே. எனினும் கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. அதனை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசு நுரையீரலில் தங்கிவிடும். வேலை தெரியாத நாமே அறுத்துத் துளையிட்டுக் கட்டும் கொட்டகைக்கு இது ஒருபோதும் ஆகாது. ஓடு அழகியது, கனமானது. அக்கனத்தைத் தாங்க மரச்செலவு கூடும்.

நாம் மீண்டும் தகரத்தையே தேர்ந்தோம். ஆறடிக்கு ஓரடி சாய்வு கொடுத்தோம். பகல் வெப்பத்தைத் தணிக்க, சுவரின் மேல்முனைக்கும் கூரைக்கும் இடையே ஆறங்குலம் இருபுறமும் எதிரெதிராகத் திறந்துவிட்டோம். உட்புகும் காற்று மறுபுறம் வெளியேறிவிடுவதால் நெம்பலும் குறைகிறது.

சுவரும் பிறவும்

சுவருக்கு மூங்கில் தட்டி போதும். இளமூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். மூன்றாண்டுக்கு மேற்பட்ட முற்றிய மூங்கிலைக் கேட்டு வாங்கிச் சில வாரங்கள் குளத்து நீரில் ஊறவிட்டால் அச்சத்து கரைந்து வெளியேறும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பது அதனினும் சிறந்த காப்பு. தரையைச் சுற்றுப்புறத்தினும் அரையடி உயர்த்திச் செங்கல் பரப்பினோம். பூச்சிமருந்தைப் பூட்டுள்ள தனிப்பெட்டியில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்; மாட்டுத் தீவனத்தோடு ஒரே கூரையின்கீழ் வைப்பதே தவறு. பொருள்களைச் சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு சாண் தள்ளி அடுக்கினால், பின்னால் பாம்பு ஒதுங்கினாலும் கண்ணிற் படும். கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். அதன் தாழ்ப்பாள் உறுதியாக இருக்கட்டும். புயலில் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தால் காற்றுக்கு வாயில் கிடைத்துவிடும்.

2019ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இரண்டாம் கொட்டகை எழுந்தது. முதலாவதற்கு நான்கு நாள். இதற்கு, கலவை இறுகக் காத்திருந்த நாள்களையும் சேர்த்து, பத்தொன்பது நாள். ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்கி, திருகுசாவியோடு ஏறி எல்லாப் போல்ட்டுகளையும் முடுக்குகிறோம். மரம் வெயிலில் சுருங்குவதால் ஒவ்வோராண்டும் சில தளர்ந்தே இருக்கின்றன. துருவேறிய கம்பியை வெட்டியெறிந்து புதிது கட்டுகிறோம். கஜாவைப் போன்ற காற்று அதன்பின் நம் தோப்பில் வீசவில்லை. ஆதலால் கொட்டகை தேறிவிட்டது என்று சொல்லும் உரிமை நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

வேலை முடிந்த அன்று மாலை பெரியவர் வேலியைத் தாண்டி வந்தார். கூரையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. குனிந்து, இரும்புப் பட்டையில் நின்ற காலை இரு கையாலும் பற்றி உலுக்கினார். அடுத்த காலையும் உலுக்கினார். ஆறையும் பார்த்து முடித்தபின் ஒன்றும் சொல்லாமல் திரும்பிச் சென்று, அந்த நொண்டிப் பசுவை ஓட்டிவந்து, நம் கொட்டகையின் நிழல் விழும் பக்கத்தில் முளையடித்துக் கட்டிவிட்டுப் போனார்.